வீட்டு கம்ப்யூட்டருக்கு முதல் லினக்ஸ் எது போடலாம்? பழைய ஐ3 மெஷின், தமிழ் டைப்பிங் கண்டிப்பா வேணும்

கரிசல்மண்:

எல்லாருக்கும் வணக்கம். வீட்ல ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கு, இன்டெல் ஐ3 நாலாவது ஜெனரேஷன், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10 ஓடிட்டு இருக்கு, அதுக்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சிருச்சு, 11 போடலாம்னு பாத்தா இந்த பிராசசர் லிஸ்ட்லயே இல்ல. மெஷின்ல ஒரு குறையும் இல்ல, சும்மா தூக்கிப் போட மனசு வரல, புதுசு வாங்குற நிலைமையும் இப்ப இல்ல, அதனால லினக்ஸுக்கு மாறிடலாம்னு இருக்கேன்.

யார் யார் யூஸ் பண்ணுவாங்கன்னு சொல்லிடுறேன், அப்பதான் நீங்க சரியா சொல்ல முடியும். அப்பா அந்தக் காலத்துல தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவங்க, கோயில் கமிட்டி லெட்டர், பட்டா மனு, ஊர்க்காரங்களுக்கு விண்ணப்பம்னு ஏதாவது அடிச்சுக்கிட்டே இருப்பாங்க. பழைய ஃபைல் எல்லாம் வானவில் ஃபான்ட்ல இருக்கு, கொஞ்ச வருஷமா யூனிகோடு. தங்கச்சி பிசிஏ முதல் வருஷம், சி-யும் பைத்தானும் இருக்கு. எனக்கு பிரவுசர், பேங்க், படம் அவ்வளவுதான். பிரிண்டர் கேனன் எல்பிபி 2900.

யூடியூப்ல ஒருத்தர் உபுண்டுங்கறார், இன்னொருத்தர் மிண்டுங்கறார், ஃபெடோரா, சோரின், டெபியன்னு பேரு மட்டும் கூடிக்கிட்டே போகுது. முதல் தடவை போடுற வீட்டுக்கு எது சரியா இருக்கும்? ஏன்னும் சேத்து சொல்லுங்க.

தறிக்காரன்:

மிண்ட் போடுங்க, அதுல எக்ஸ்எஃப்சிஇங்கற லேசான டெஸ்க்டாப் இருக்கற எடிஷன். ஏன்னு கேட்டீங்க இல்லையா, சொல்றேன். மிண்ட் 2006-ல இருந்து வருது, அடியில இருக்கறது உபுண்டு எல்டிஎஸ்தான் (நீண்ட நாள் சப்போர்ட் உள்ள பதிப்பு), அதனால உபுண்டுக்கு கிடைக்கிற சாஃப்ட்வேர் கிட்டத்தட்ட எல்லாமே இதுக்கும் கிடைக்கும். 22 வரிசை உபுண்டு 24.04 மேல கட்டினது, 2029 வரைக்கும் அப்டேட் உண்டு, அதுவரைக்கும் திரும்ப உக்காந்து இன்ஸ்டால் பண்ற வேலையே இல்ல. கீழ இடது மூலையில மெனு, வலது பக்கம் கடிகாரம், டெஸ்க்டாப்ல ஃபோல்டர், அப்பா கைக்குப் பழகின இடத்துலயே எல்லாம் இருக்கும். பெரியவங்க இருக்கற வீட்ல நான் முதல்ல பாக்கறது இதைத்தான், வேகத்தைக் கூட அப்புறம்தான் பார்ப்பேன்.

இன்னொண்ணு டைம்ஷிஃப்ட். சிஸ்டம் இப்ப எப்படி இருக்கோ அப்படியே ஒரு பிரதி எடுத்து வச்சுக்கும், அப்டேட்ல ஏதாவது சொதப்பினா பழைய நிலைமைக்குத் திரும்பிக்கலாம். ஆனா அப்பாவோட லெட்டரும் வீட்டு போட்டோவும் அதுல வராது, அதுக்குத் தனியா பென்டிரைவோ எக்ஸ்டர்னல் டிஸ்க்கோ வேணும். இதை நிறைய பேர் ஒண்ணுன்னு நெனச்சுக்கறாங்க.

ஊர்க்குருவி:

தறிக்காரன் அண்ணே சொல்றதுல தப்பு இல்ல, ஆனா நான் உபுண்டு பக்கம். முதல் ரிலீஸ் 2004 அக்டோபர். ஷிப்இட்னு ஒரு திட்டத்துல ஃப்ரீயா சிடி தபால்ல அனுப்புவாங்க, 2011-ல நிறுத்துறவரைக்கும் நம்ம ஊர்ல நிறைய பேர் லினக்ஸ முதல்ல பாத்ததே அந்த சிடியிலதான். ரெண்டு வருஷத்துக்கு ஒரு எல்டிஎஸ் ஏப்ரல் மாசம் வரும், அஞ்சு வருஷம் சப்போர்ட், உபுண்டு ப்ரோ சேந்துக்கிட்டா வீட்டுக்காரங்களுக்கு அஞ்சு மெஷின் வரைக்கும் காசு இல்லாம பத்து வருஷம் செக்யூரிட்டி அப்டேட். ஏதாவது பிரச்சினைன்னு கூகிள்ல தேடினா முதல்ல வர்ற பதில் உபுண்டுக்குத்தான் இருக்கும். புதுசா வர்றவங்களுக்கு அது பெரிய துணை.

அப்புறம் இதையும் சொல்லணும், 2016 பிப்ரவரில மிண்ட் வெப்சைட்டயே ஹேக் பண்ணி, திருட்டுத்தனமா உள்ள நுழையற பின்வாசல் வச்ச ஐஎஸ்ஓ-க்கு (இன்ஸ்டால் பண்ற ஃபைல்) லிங்க் மாத்தி விட்டாங்க. பெரிய கம்பெனி பின்னாடி இல்லாத ப்ராஜெக்ட்ல இந்த பயம் எனக்கு இருக்கத்தான் செய்யுது.

தறிக்காரன்:

2016-ல நடந்தது உண்மைதான், மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. 17.3 சின்னமன் ஐஎஸ்ஓ-தான் அப்ப மாட்டினது, மிண்ட் ஆளுங்களே உடனே வெளிய சொல்லி சைட்டையும் இறக்கிட்டாங்க. அதுல இருந்து எடுத்துக்க வேண்டியது எந்த டிஸ்ட்ரோவா (லினக்ஸ் வகை) இருந்தாலும் ஐஎஸ்ஓ டவுன்லோட் ஆனதும் ஷா256 செக்சம் பாக்கணும்ங்கறது. சைட்ல குடுத்திருக்கற நீளமான எண்ணும் உங்க ஃபைல்ல இருந்து வர்ற எண்ணும் எழுத்து பிசகாம ஒண்ணா இருக்கணும். விண்டோஸ்லயே செர்ட்யூட்டில்னு ஒரு கமாண்ட் இருக்கு, கட்டளை அடிச்சா கொஞ்ச நேரத்துல எண் வந்துரும். ஐஎஸ்ஓ-வ வாட்ஸ்அப்ல யாரோ அனுப்பின டிரைவ் லிங்க்ல இருந்து எல்லாம் எடுக்கக் கூடாது.

உபுண்டுல எனக்கு இருக்கற தயக்கம் ஸ்னாப், அதாவது சாஃப்ட்வேர அதுக்குத் தேவையானதோட சேத்து ஒரே பொட்டலமா கட்டித் தர்ற முறை. 22.04-ல இருந்து ஃபயர்ஃபாக்ஸே ஸ்னாப்பாத்தான் வருது, ஹார்ட் டிஸ்க் போட்ட 4 ஜிபி மெஷின்ல முதல் தடவை பிரவுசர் திறக்க நல்லா நேரம் எடுக்கும். அதோட க்னோம் டெஸ்க்டாப்பும் சேந்தா இந்த மெஷின் திணறும். மிண்ட்ல ஸ்னாப் போடாமத்தான் குடுக்கறாங்க.

ஊர்க்குருவி:

அதுக்குத்தான் சுபுண்டு, லுபுண்டு இருக்கே, அதே உபுண்டு, லேசான டெஸ்க்டாப். சப்போர்ட் மட்டும் மூணு வருஷம்.

அம்பத்தூர்_சர்வீஸ்:

தம்பி, டிஸ்ட்ரோ சண்டைய கொஞ்சம் ஓரமா வைங்க, நான் ஹார்டுவேர் பாக்கறவன். நாலாவது ஜெனரேஷன் ஐ3, 4 ஜிபி, ஹார்ட் டிஸ்க்னா இதுல லினக்ஸ் எது போட்டாலும் அந்த ஹார்ட் டிஸ்க் இருக்கறவரைக்கும் மெதுவாத்தான் இருக்கும். ஒரு சாதாரண சாட்டா எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்க, 240, 256 ஜிபி போதும். முடிஞ்சா இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 ரேம், இந்த தலைமுறை போர்டுல பெரும்பாலும் ரெண்டு ஸ்லாட் இருக்கும், ரிச்சி ஸ்ட்ரீட்ல பழைய ரேம் நிறைய கிடைக்கும், உங்க பக்கம்னா மதுரையில கேட்டுப் பாருங்க. மிண்ட்காரங்க குறைஞ்சபட்சம் 2 ஜிபி, நல்லா ஓட 4 ஜிபினு போட்டிருக்காங்க, அது டெஸ்க்டாப்புக்கு, இன்னைக்கு பிரவுசர்ல பத்து டேப் திறந்தா அந்த 4 ஜிபி பத்தாது.

எஸ்எஸ்டி வாங்கினா இன்னொரு லாபம் இருக்கு, இதைத்தான் முக்கியமா சொல்ல வந்தேன். இன்ஸ்டால் பண்றப்ப பழைய ஹார்ட் டிஸ்க்கோட சாட்டா கேபிள கழட்டி வச்சிருங்க. எஸ்எஸ்டி மட்டும் மாட்டி அதுல லினக்ஸ் போடுங்க. எங்க கடைக்கு அழுதுக்கிட்டு வர்றவங்க பாதிப் பேரு, இன்ஸ்டாலர்ல ‘எரேஸ் டிஸ்க்’னு இருக்கறதை படிக்காம அமுக்கிட்டு வர்றவங்க, அவங்க கல்யாண போட்டோல இருந்து எல்லாம் போயிருக்கும். கேபிளே இல்லன்னா அழிக்கவும் முடியாது. எல்லாம் முடிஞ்சதும் திரும்ப மாட்டிக்கோங்க, விண்டோஸ் அதுல அப்படியே இருக்கும், தேவைப்படறப்ப பயாஸ் பூட் மெனுல போய் அந்த டிஸ்க்க தேர்ந்தெடுத்து போயிக்கலாம்.

கேபினெட்ட திறந்ததுக்கு ப்ரஷ் வச்சு ஃபேன்ல இருக்கற தூசியையும் எடுத்துருங்க.

கரிசல்மண்:

அண்ணே இது அருமையான யோசனை, நான் ஒரே டிஸ்க்ல பார்ட்டிஷன் பிரிக்கறதுக்குத்தான் வீடியோ பாத்துக்கிட்டு இருந்தேன். சுபுண்டு, லுபுண்டு, மிண்ட் எக்ஸ்எஃப்சிஇ, இதெல்லாம் உண்மையிலேயே வேற வேறயா இல்ல ஒண்ணுதானா? இங்கதான் எனக்குக் குழப்பம்.

பழையசோறு:

டெபியன்காரன் சொல்றேன் கேளுங்க. கெர்னல்னு ஒண்ணு இருக்கு, ஹார்டுவேரயும் சாஃப்ட்வேரயும் இணைக்கற மையப் பகுதி, 1991-ல லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பிச்சது, அதுதான் லினக்ஸ். அதுக்கு மேல ரிச்சர்ட் ஸ்டால்மேன் 1983-ல அறிவிச்ச க்னூ திட்டத்தோட கருவிகள். இது ரெண்டும் எல்லாருக்கும் பொது. லேலண்ட் சேஸிஸ் ஒண்ணுதான், கரூர்ல ஒவ்வொரு பட்டறைக்காரரும் ஒவ்வொரு மாதிரி பாடி கட்டுற கதைதான் டிஸ்ட்ரோ. எந்த டெஸ்க்டாப், எந்த சாஃப்ட்வேர் முன்னாடியே போட்டு வரும், எத்தனை நாளைக்கு அப்டேட் குடுப்பாங்க, இதுலதான் வித்தியாசம்.

1993-ல இயன் மர்டாக் ஆரம்பிச்சது டெபியன். டெபியன எடுத்து உபுண்டு கட்டினாங்க, உபுண்டுவ எடுத்து மிண்ட் கட்டினாங்க. நம்ம சென்னைல சி-டாக்ங்கற மத்திய அரசு கம்ப்யூட்டர் ஆராய்ச்சி மையத்துல செஞ்ச பாஸ் லினக்ஸ் கூட டெபியன் மேலதான், 2011-ல தமிழ்நாடு அரசு பசங்களுக்கு இலவச லேப்டாப் குடுக்க ஆரம்பிச்சப்ப விண்டோஸோட சேத்து அதையும் போட்டுக் குடுத்தாங்க. டிரைவர் தொல்லைன்னு டெபியன ஒதுக்கின காலம் முடிஞ்சிருச்சு, டெபியன் 12-ல இருந்தே வைஃபை ஃபர்ம்வேர் எல்லாம் இன்ஸ்டாலர்லயே வருது. 2025 ஆகஸ்ட்ல 13 வந்திருக்கு. கம்பெனி முடிவுன்னு எதுவும் இல்ல, உலகம் பூரா இருக்கற தன்னார்வலர்கள் ஓட்டுப் போட்டு நடத்துறது. வீட்டு மெஷின் வருஷக்கணக்கா ஒரே மாதிரி இருக்கணும்னா எனக்கு இதுக்கு மேல ஒண்ணும் தெரியல.

தறிக்காரன்:

பழையசோறு அண்ணே, டெபியன் மேல எனக்கும் மரியாதை உண்டு. ஆனா முதல் தடவை போடுறவங்க டெபியன் சைட்டுக்குப் போனா எந்த ஐஎஸ்ஓ எடுக்கறதுன்னே தெரியாது, நெட்இன்ஸ்ட், லைவ், டிவிடினு நிக்கும். பொறுமையா படிக்கறவங்களுக்கு சரி. டெபியன் அடித்தளமும் வேணும் மிண்ட் முகமும் வேணும்னா எல்எம்டிஇ-னு மிண்ட்காரங்களே தர்றாங்க, அதோட 7-ஆவது பதிப்பு டெபியன் 13 மேல.

ராஜாளி:

ஃபெடோராவ யாரும் பேசல. புது கெர்னல், புது டெஸ்க்டாப் சீக்கிரம் வரும், புது லேப்டாப் வச்சிருக்கறவங்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனா உங்க மெஷினுக்கு வேணாம். ஆறு மாசத்துக்கு ஒரு ரிலீஸ், ஒவ்வொண்ணுக்கும் ஏறக்குறைய 13 மாசம்தான் சப்போர்ட், அப்ப வருஷத்துக்கு ஒரு தடவையாவது அப்கிரேட் பண்ணியே ஆகணும், வீட்ல நீங்க இல்லாதப்ப அப்பா அதை பண்ண மாட்டார். ஆர்ச்சும் இப்போதைக்கு வேணாம், அது கத்துக்கணும்னு ஆசைப்படறவங்க உக்காந்து கட்டுறது, அதோட விக்கி மட்டும் எந்த டிஸ்ட்ரோக்காரருக்கும் உதவும், புக்மார்க் பண்ணி வைங்க.

கேம் ஆடுறவங்க யாராவது வீட்ல இருக்காங்களா? ஸ்டீம்ங்கற கேம் கடையில, விண்டோஸ் கேம லினக்ஸ்ல ஓட்டுற ப்ரோட்டான் 2018-ல வந்ததுக்கு அப்புறம் நிறைய விண்டோஸ் கேம் லினக்ஸ்ல ஓடுது, ஆனா வேலரன்ட் மாதிரி கெர்னல் அளவுல ஆன்டி-சீட் (ஏமாத்தி ஆடுறத தடுக்கற சாஃப்ட்வேர்) வைக்கிறது ஓடாது. முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டா பின்னாடி வருத்தம் இல்ல.

கடல்மணல்:

லினக்ஸ் மட்டும்தான் ஓப்பன் சோர்ஸா? ஃப்ரீபிஎஸ்டி, ஹைகூ, ரியாக்ட்ஓஎஸ் எல்லாம் இருக்கே. குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் கூட பழைய மெஷினுக்கு நல்லாருக்குன்னு கேள்விப்பட்டேன்.

பழையசோறு:

ஃப்ரீபிஎஸ்டி சர்வருக்கு அருமை, வீட்டு டெஸ்க்டாப்புக்கு எல்லாத்தையும் நீங்களே செட் பண்ணணும். ஹைகூ இன்னும் பீட்டா, ரியாக்ட்ஓஎஸ் ஆல்ஃபா, தினசரி வேலைக்கு அதை நம்ப முடியாது. குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ்ல அடிப்படை குரோமியம்ஓஎஸ் ஓப்பன், ஃப்ளெக்ஸ் முழுசா ஓப்பன் கிடையாது, கூகிள் அக்கவுன்ட்ட வச்சே எல்லாம் நடக்கும். இவங்க அப்பா நெட் இல்லாதப்பவும் லெட்டர் அடிக்கணும், பழைய ஃபான்ட் போடணும். சரிப்படாது.

கணக்குப்பிள்ளை:

ஒரு விஷயம், வீட்ல யாராவது டேலி ஓட்டுறாங்களா, இல்ல டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் வச்சு ஜிஎஸ்டி ஃபைல் பண்றாங்களா? டேலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது, விண்டோஸ் சாஃப்ட்வேர லினக்ஸ்ல ஓட்டுற வைன்ங்கற டூல் வச்சு ஓட்டுறவங்க இருக்காங்க, ஆனா வருஷக் கணக்கை அதை நம்பி வைக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சாதாரண இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன், ஈபி பில், பேங்க் எல்லாம் பிரவுசர்தான், எந்த சிஸ்டமா இருந்தாலும் ஒண்ணுதான். எம்எஸ் ஆபீஸும் ஃபோட்டோஷாப்பும் நேரடியா வராது. இந்த நாலுல ஒண்ணு தினமும் வேணும்னா விண்டோஸ வச்சுக்கிட்டே மாறணும். மைக்ரோசாஃப்ட் வீட்டுக்காரங்களுக்குத் தர்ற நீட்டிப்பு அப்டேட்டும் 2026 அக்டோபர் 13 வரைக்கும்னுதான் அறிவிச்சாங்க, அதனால விண்டோஸ் 10 டிஸ்க்ல பேங்க் வேலை மட்டும் வச்சுக்காதீங்க, அதை லினக்ஸ் பக்கம் கொண்டு வந்துருங்க.

கரிசல்மண்:

டேலி இல்ல, டோக்கன் இல்ல. கேம் தம்பி ஒருத்தன் லீவுக்கு வருவான், அவன் ஃபோன்ல ஆடிக்கட்டும். எனக்கு இப்ப பெரிய கவலை தமிழ் டைப்பிங்தான். அப்பாவுக்கு டைப்ரைட்டர் முறை வரலன்னா கம்ப்யூட்டர் பக்கமே வர மாட்டாங்க.

தேன்சிட்டு:

தம்பி, நான் ஸ்கூல் டீச்சர், கொஸ்டின் பேப்பர் எல்லாம் லினக்ஸ்லதான் அடிக்கறேன், தமிழுக்கு கவலையே வேணாம். ஆனா ஒரு இடத்துல எல்லாரும் சிக்கறாங்க. கீபோர்டு செட்டிங்ஸ்ல லேஅவுட்னு போயி தமிழ்99 சேத்துடுவாங்க, அது எழுத்து வரும், ஆனா தானா புள்ளி வைக்கிறது எல்லாம் வராது, ஏன்னா அந்த வழியில ஒரு கீக்கு ஒரு எழுத்துதான். நீங்க சாஃப்ட்வேர் மேனேஜர்ல ஐபஸ், ஐபஸ்-எம்17என்னு தமிழ் அடிக்க உதவுற டூல் ரெண்டையும் போடுங்க. அப்புறம் இன்புட் மெத்தட்ங்கற இடத்துல ஐபஸ்ஸ தேர்ந்தெடுத்து லாகவுட் பண்ணி உள்ள வாங்க. ஐபஸ் பிரிஃபரன்சஸ்ல இன்புட் மெத்தட் டேப், ஆட், தமிழ், அதுல தமிழ்99. இப்ப எச் கீயை ரெண்டு தடவை தட்டினா ‘க்க’ வரணும், வந்தா சரியான இடத்துல இருக்கீங்க. தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் மாற விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேத்து அமுக்கினா போதும்.

தமிழ்99, 1999-ல சென்னையில தமிழ்நெட் மாநாட்டுல முடிவாகி அரசு ஏத்துக்கிட்ட முறை. தங்கச்சிக்கு இப்பவே இதைப் பழக்கி விட்டுருங்க, உயிர் ஒரு கை, மெய் ஒரு கைன்னு பிரிச்சு வச்சிருக்காங்க, பழகினா அவ்வளவு வேகம். அப்பாவுக்கு மாத்த வேணாம், அதே லிஸ்ட்லயே டைப்ரைட்டர்னு தனியா இருக்கு.

மட்டுநகர்:

தேன்சிட்டு அக்கா சொன்னது சரி, நான் மட்டக்களப்பிலயிருந்து எழுதுறன். எங்கட பக்கம் பாமினி எழுத்துருவில அடிச்சுப் பழகின ஆக்கள்தான் கூட, அவையளுக்கு ரெங்கநாதன் விசைப்பலகை வேணும், அதுவும் இதே எம்17என் பொதிக்குள்ள தனியா இருக்குது. வேற ஒண்டும் இறக்கத் தேவையில்ல. உங்கட அப்பான்ர பழைய கோப்புகளைப் பற்றிக் கேட்டீங்கள், அந்த எழுத்துருக் கோப்பு விண்டோஸில ஃபான்ட்ஸ் எண்ட ஃபோல்டருக்குள்ள இருக்கும், அதைப் பிரதி எடுத்து லினக்ஸில இரட்டைச் சொடுக்குப் போட்டால் நிறுவச் சொல்லிக் கேக்கும். லிப்ரேஆபீஸில திறக்கேக்க எழுத்து அப்பிடியே வரும். ஆனா அது உள்ளுக்குள்ள ஆங்கில எழுத்துக்கான எண்ணில சேமிச்சது, தேடேலாது, வேற கணினிக்கு அனுப்பினால் கோழி கிண்டின மாதிரித் தெரியும். ஆறுதலா யூனிகோடுக்கு மாத்தி வையுங்கோ, எழுத்துரு மாற்றிகள் இணையத்தில இருக்குது. மாத்தினாப் பிறகு ஒருக்கா வாசிச்சுப் பாக்க வேணும், ஸ்ரீ, க்ஷ மாதிரி எழுத்துகளில பிழை வரும்.

கரிசல்மண்:

மட்டுநகர் அண்ணா, தேன்சிட்டு அக்கா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, இதை நான் எங்கயும் தேடிக் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன். அப்பாகிட்ட டைப்ரைட்டர் இருக்குன்னு சொன்னதும் ‘அப்ப போடு’ன்னுட்டாங்க.

உப்பளம்:

தங்கச்சிக்கு ஒரு விஷயம். காலேஜ் லேப்ல இன்னும் டர்போ சி வச்சிருந்தா, அங்க எழுதிக் குடுக்கற ப்ரோக்ராம்ல முதல் வரியே கோனியோ ஹெடர், அடுத்தது கிளியர்ஸ்க்ரீன், கடைசியில கெட்ச்னு இருக்கும். அது டாஸ் காலத்துக்கானது, லினக்ஸ்ல இருக்கற சி கம்பைலர் ஜிசிசி-ல குடுத்தா கோனியோ ஃபைலே இல்லன்னு முதல் வரிலயே நின்னுரும். பயந்துர வேணாம்னு சொல்லுங்க. அந்த மூணு வரியையும் எடுத்துட்டு, மெயினுக்கு முன்னாடி வாய்டுக்கு பதிலா இன்ட் போட்டா முதல் வருஷ ப்ரோக்ராம்ல முக்கால்வாசி அப்படியே ஓடும். லேப் எக்ஸாமுக்கு அதே நீலத் திரை வேணும்னா டாஸ்பாக்ஸ் போட்டு அதுக்குள்ள டர்போ சி ஓட்டலாம். பைத்தான் மிண்ட்ல முன்னாடியே இருக்கும், தனியா போட வேண்டியதில்ல, அந்த சிஸ்டம் பைத்தான மட்டும் அழிச்சுடக் கூடாது, மிண்ட்டோட சொந்த ப்ரோக்ராம் பலது அதுலதான் எழுதினது.

புரோக்ராமிங் கத்துக்கற பிள்ளைக்கு லினக்ஸ் வீட்ல இருக்கறது பெரிய வரம்னு நான் மனசார நம்புறேன். கம்பைலர்ல இருந்து டேட்டாபேஸ் வரைக்கும் எல்லாமே காசு குடுக்காம, திருட்டு காப்பி எடுக்காம, சோர்ஸோட கையில இருக்கும். பக்கத்து மாநிலம் கேரளாவுல அரசுப் பள்ளிங்கள்ல கைட்னு ஒரு அமைப்பு உபுண்டு அடிப்படையில தனியா சிஸ்டம் செஞ்சு குடுத்து பல வருஷமா பிள்ளைங்க அதுலதான் படிக்கறாங்க. நம்ம பிள்ளைங்களாலயும் முடியும்.

அம்பத்தூர்_சர்வீஸ்:

பிரிண்டர் விஷயத்த யாரும் தொடலயே. தம்பி, எல்பிபி 2900 கேப்ட்ங்கற கேனனோட சொந்த முறையில ஓடுறது, மாட்டின உடனே லினக்ஸ்ல வராது. கம்பெனி லினக்ஸுக்கு ஒரு டிரைவர் விட்டிருக்கு, அது பழசு, பின்னாடி ஒரு சர்வீஸ் ஓடிக்கிட்டே இருக்கணும், புது சிஸ்டத்துல அதை நிக்க வைக்க மெனக்கெடணும். ஆளுங்க சேந்து எழுதின ஓப்பன் சோர்ஸ் டிரைவரும் இருக்கு, அதுவும் முதல் வாரமே கை வைக்கற விஷயம் இல்ல. அதனாலதான் பழைய டிஸ்க்ல விண்டோஸ் இருக்கட்டும்னேன், லிப்ரேஆபீஸ்ல பிடிஎஃப் ஆக்கி வச்சுக்கிட்டு பிரிண்ட் எடுக்கறப்ப மட்டும் அதுல போய் எடுங்க. அடுத்து பிரிண்டர் வாங்கறப்ப லினக்ஸ் சப்போர்ட் இருக்கான்னு கேட்டு வாங்கலாம், ஹெச்பில எச்பிலிப்னு டிரைவர் தொகுப்பு இருக்கு, நிறைய மாடலுக்கு அது போதும்.

விண்டோஸ்ல ரெண்டு விஷயம் இப்பவே பண்ணிடுங்க. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்ப அணைச்சிருங்க, அது ஆன்ல இருந்தா விண்டோஸ் முழுசா ஷட்டவுன் ஆகாது, லினக்ஸ்ல இருந்து அந்த டிஸ்க்ல எழுத விடாது. பிட்லாக்கர் (டிஸ்க்க பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி) இருக்கான்னு பாருங்க, உங்க மெஷின்ல இருக்க வாய்ப்பு கம்மி, ஆனா இந்த இழையைப் படிக்கற லேப்டாப்காரங்க ரிகவரி கீய கண்டிப்பா எழுதி வச்சுக்கிட்டு அப்புறம் பயாஸ்ல கை வைங்க.

ஊர்க்குருவி:

எதையும் போடுறதுக்கு முன்னாடி லைவ் யுஎஸ்பில, அதாவது இன்ஸ்டால் பண்ணாம பென்டிரைவ்ல இருந்தே, ஓட்டிப் பாருங்க, அதுதான் லினக்ஸ்ல இருக்கற பெரிய வசதி. வென்டாய்னு ஒரு டூல், பென்டிரைவ்ல ஒரு தடவை போட்டுட்டா அப்புறம் ஐஎஸ்ஓ ஃபைல சும்மா காப்பி பண்ணா போதும், மிண்ட், உபுண்டு, டெபியன் மூணையும் ஒரே டிரைவ்ல வச்சு ஒவ்வொண்ணா பூட் பண்ணி பாக்கலாம். ஹார்ட் டிஸ்க்ல எதுவும் மாறாது. சவுண்டு வருதா, நெட் கிடைக்குதா, மானிட்டர் சரியான ரெசல்யூஷன்ல இருக்கா, யூடியூப் ஓடுதா, ஸ்லீப்ல போட்டா எழுந்திருக்குதா, அப்பாவை உக்கார வச்சு எழுத்து கண்ணுக்குத் தெரியுதான்னு கேளுங்க. நான் உபுண்டு ஆளா இருந்தாலும் சொல்றேன், உங்க மெஷின்ல எது ஒழுங்கா ஓடுதோ அப்பாவுக்கு எது புடிக்குதோ அதுதான் உங்க வீட்டு டிஸ்ட்ரோ, எங்க யாரோட ஓட்டும் அதுக்கு அப்புறம்தான்.

பென்டிரைவ்ல இருந்து ஓடுறதால கொஞ்சம் மெதுவா இருக்கும், அதை வச்சு வேகத்த கணக்குப் போட்டுறாதீங்க.

சோளக்கொல்லை:

நானும் இதே நிலைமைல இருக்கேன், ஃபாலோ பண்றேன். ஆன்டிவைரஸ் எது போடணும்?

பழையசோறு:

வீட்டு லினக்ஸுக்கு தனியா போட வேண்டியதில்ல. வர்ற அப்டேட்ட தள்ளிப் போடாம போடுங்க, சாஃப்ட்வேர் மேனேஜர்ல இருந்தே எடுங்க, எவனோ ஒரு சைட்ல இருந்து கமாண்ட காப்பி பண்ணி பாஸ்வேர்டு குடுத்து ஓட்டாதீங்க. பேங்க் பேர்ல வர்ற போலி லிங்க்ல இருந்து எந்த சிஸ்டமும் உங்கள காப்பாத்தாது, அது வேற விஷயம்.

கரிசல்மண்:

அப்டேட் சொல்றேன். எஸ்எஸ்டியும் ரேமும் வாங்கியாச்சு. வென்டாய்ல மூணையும் போட்டு அப்பாவ உக்கார வச்சேன். உபுண்டுல இடது பக்கம் நிக்கற பட்டை அவங்களுக்குப் பிடிக்கல, டெபியன் லைவ்ல க்னோம் எடுத்திருந்தேன், அதுலயும் மெனு எங்கன்னு கேட்டாங்க. மிண்ட் எக்ஸ்எஃப்சிஇ வந்ததும் அவங்களே மவுஸ வாங்கி மெனுவ திறந்து ரைட்டரை கண்டுபிடிச்சுட்டாங்க. அதோட முடிவாயிருச்சு.

கேபிள கழட்டி வச்சுட்டு எஸ்எஸ்டில போட்டேன், ஒரு பிரச்சினையும் இல்ல. பூட் ஆகுற வேகத்த பாத்து தங்கச்சி இது நம்ம கம்ப்யூட்டர்தானான்னு கேட்டா. ஐபஸ்ல டைப்ரைட்டர் வேலை செய்யுது, பழைய வானவில் ஃபைலும் ஃபான்ட் போட்டதும் திறந்துருச்சு. பிரிண்ட்டுக்கு பழைய டிஸ்க்ல போய்க்கறோம்.

ஒரே ஒரு சிக்கல். ரைட்டர்ல அப்பா தமிழ் எழுத்த பெருசாக்கணும்னு சைஸ் மாத்தினா அந்த டாக்குமென்ட்ல சரியா இருக்கு, புது டாக்குமென்ட் திறந்தா இங்கிலீஷ் மட்டும் நாங்க செட் பண்ண சைஸ்ல வருது, தமிழ் பழைய சின்ன எழுத்தாவே வருது. என்ன பண்ணணும்?

தேன்சிட்டு:

ரொம்ப சந்தோஷம் தம்பி! இது லிப்ரேஆபீஸ்ல எல்லாருக்கும் வர்றதுதான். அது தமிழை சிடிஎல்னு தனிப் பிரிவுல வச்சிருக்கு, அதனால இங்கிலீஷுக்கு ஒரு ஃபான்ட், ஒரு சைஸ், தமிழுக்கு வேற. டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போங்க, லாங்குவேஜஸ்ல காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்ட டிக் பண்ணி அதுல தமிழைத் தேர்ந்தெடுங்க. அப்புறம் அதே ஆப்ஷன்ஸ்ல ரைட்டருக்குக் கீழ பேசிக் ஃபான்ட்ஸ் சிடிஎல்னு ஒண்ணு புதுசா தெரியும், அதுல நோட்டோ சான்ஸ் தமிழோ லோஹித் தமிழோ குடுத்து சைஸ 14 வைங்க. ஃபான்ட் லிஸ்ட்ல அது இல்லன்னா சாஃப்ட்வேர் மேனேஜர்ல ஃபான்ட்ஸ்-டாம்ல்னு தேடிப் போட்டுக்கோங்க. விண்டோஸ் வச்சிருக்கற ஆபீஸுக்கு மனு அனுப்புறப்ப வேர்டா அனுப்பாம பிடிஎஃப்பா அனுப்பச் சொல்லுங்க, அவங்ககிட்ட இந்த ஃபான்ட் இல்லன்னா வரி எல்லாம் இடம் மாறிடும்.

கரிசல்மண்:

சரியாயிருச்சு அக்கா, புது டாக்குமென்ட்லயும் 14-லயே வருது. அப்பா அமாவாசைக் கூட்டத்து நோட்டீஸ் அடிச்சுக்கிட்டு இருக்காங்க. அடுத்து மாமா லேப்டாப் வந்திருக்கு, அதுல என்விடியா கார்டு இருக்கு, மிண்ட் லைவ்ல ஸ்க்ரீன் கருப்பா நிக்குது. தனி இழை போடட்டுமா?

அம்பத்தூர்_சர்வீஸ்:

தனியா போடு தம்பி. பூட் மெனுல கம்பேட்டிபிலிட்டி மோடுனு ஒண்ணு இருக்கும், அதுல உள்ள போய் பாரு. உள்ள வந்ததும் சிஸ்டம் ரிப்போர்ட்ஸ் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல இருக்கறதை அப்படியே காப்பி பண்ணி இழைல ஒட்டு, கார்டு மாடல் தெரிஞ்சாதான் எந்த டிரைவர்னு சொல்ல முடியும்.